திருவொற்றியூர் மணல்: பழைய பள்ளிச் சேகரிப்பு ஒன்று அறிவியல் வகுப்புக்குத் திரும்பிய நிகழ்வு ஆய்வு

தண்டையார்பேட்டையை ஒட்டியுள்ள அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் உயிரியல் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் மாணவர்களில் பெரும் பகுதியினர் காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர்ப் பக்கத்து மீனவக் குடும்பங்களையும், துறைமுகத்தையும் கன்டெய்னர் லாரிகளையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களையும் சேர்ந்தவர்கள். ஆய்வகத்துக்குப் பின்னால் உள்ள சிறிய அறையில் கண்ணாடிக் கதவிட்ட இரண்டு மர அலமாரிகள் நெடுங்காலமாகப் பூட்டிக் கிடந்தன. கிளிஞ்சல்கள் அடுக்கிய தட்டுகள், ஃபார்மலின் சாடிகளில் மீன்களும் பாம்புகளும், பஞ்சு அடைத்துப் பதம்செய்த சில பறவைகள், தாளில் ஒட்டிய உலர் செடிகள், ரம்பம் போல் நீண்ட மூக்குள்ள வேளாமீனின் கொம்பு ஒன்று ஆகியவை அவற்றில் இருந்தன. நான் பணியில் சேர்வதற்கு முன்பு, கட்டடம் பழுதுபார்க்கப்பட்டபோது இதைப் போல மற்றொரு பங்கு குப்பை வண்டியில் ஏற்றப்பட்டது என்று பழைய ஆய்வக உதவியாளர் சொன்னார். எஞ்சியதைக் காப்பாற்ற வேண்டும் என்ற பதைப்பில்தான் இந்த வேலையைத் தொடங்கினேன். காப்பாற்றுவதும் கற்பிப்பதும் வேறு வேறு வேலைகள் என்பது பிறகுதான் புரிந்தது.

இரண்டு கல்வியாண்டுகளில் ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகளில் நாங்கள் செய்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய பள்ளிச் சேகரிப்பில் பாடம் நடத்துவது அதிலுள்ள உயிரி அன்று, அதன் அருகே கிடக்கும் பெயர்ச்சீட்டு. எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது, யார் எடுத்தார் என்ற மூன்று கேள்விகளுக்கும் சீட்டு விடை சொன்னால், அல்லது சொல்லத் தவறினால், வகுப்பு தானாகவே தொடங்கிவிடுகிறது.

முதல் முயற்சியும் அதன் தோல்வியும்

முதலாண்டில் நான் செய்தது கண்காட்சி. அலமாரியைத் துடைத்து, தெர்மோகோல் பலகைகளில் விலங்குத் தொகுதிகளின் பெயர்களை எழுதி, ஒன்பதாம் வகுப்பின் ‘விலங்குலகம்’ பாடத்துக்கு ஏற்ற வரிசையில் எல்லாவற்றையும் வைத்தேன். மாணவர்கள் வரிசையாக வந்தார்கள். பாம்புச் சாடியின் முன் நின்றார்கள். பறவையின் கண்ணாடி விழியைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பாடவேளை முடிவதற்குள் எல்லோரும் பார்த்து முடித்துவிட்டார்கள். மறுநாள் என்ன கண்டீர்கள் என்று எழுதச் சொன்னபோது, பாடநூலில் இருந்த வரிகளையே எழுதித் தந்தார்கள். புத்தகத்தில் படமாக இருந்தது மேசைமேல் பொருளாக இருந்தது; அவ்வளவுதான் வேறுபாடு.

அந்தத் தோல்வியை மாணவர்கள்மேல் சுமத்த முடியாது. மெல்லுடலிகளுக்கு எடுத்துக்காட்டு என்று கூறி ஒரு கிளிஞ்சலை நான் நீட்டும்போது, அது எந்தக் கடற்கரையில் கிடைத்தாலும் ஒன்றுதான். கடையில் வாங்கிய கிளிஞ்சலும் அதே வேலையைச் செய்யும். பழமையால் அதற்குக் கிடைத்திருக்க வேண்டிய தனி மதிப்பை என் பலகைகளே மறைத்துவிட்டன. சீட்டுகள் அழுக்காக இருக்கின்றன என்பதற்காக அவற்றைத் தட்டின் அடியில் செருகியவனும் நான்தான். அந்தச் செயலை இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

சீட்டில் இருந்த கடற்கரை

இரண்டாம் ஆண்டில் பலகைகளை எடுத்துவிட்டு, நான்கு பேருக்கு ஒரு தட்டு என்று கொடுத்து, உயிரியைப் பார்ப்பதற்கு முன் சீட்டைப் படியுங்கள் என்று சொன்னேன். ஒரு தட்டில், பழுப்பேறிய அட்டையில், கறுப்பு மையால் சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்தில், திருவொற்றியூர் கடற்கரை, மணல் என்ற இரண்டு சொற்கள் மட்டும் இருந்தன. ஆண்டு எழுதியிருந்த மூலையைப் பசைக்கு ஆசைப்பட்ட பூச்சி தின்றிருந்தது. அந்தக் குழுவில் இருந்த இரண்டு மாணவர்கள் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவர்கள். “சார், அங்க ஏது மணல்? கல்லுதானே கொட்டி வெச்சிருக்காங்க” என்று ஒருவன் கேட்டான்.

அந்த ஆண்டின் சிறந்த கேள்வி அதுதான் என்பேன். விடைக்காக வகுப்பு துறைமுக வரலாற்றுக்குப் போக வேண்டியிருந்தது. சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் 1870-களின் பிற்பகுதியில் எழத் தொடங்கின. இந்தக் கடலோரத்தில் ஆண்டின் பெரும் பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அந்த ஓட்டத்தை மறித்ததால் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கி எண்ணூர்ப் பக்கம் வரை கடல் கரையைத் தின்றது. அரிப்பைத் தடுக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன, பிறகு கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் கட்டப்பட்டன. ஆகவே தட்டில் இருந்த, மணலுக்குள் புதைந்து வாழும் மட்டி வகைகள் அந்த ஊரின் பழைய தரையைக் காட்டின; இன்று அதே ஊரின் கற்களில் ஒட்டிக்கொண்டிருப்பவை பாறையைப் பற்றி வாழும் நத்தைகளும் கொட்டலசுகளும். வாழிடம் மாறினால் உயிரினம் மாறும் என்ற வாக்கியம் பாடநூலில் இருக்கிறது. ஆனால் அந்தக் கிளிஞ்சலின் மெல்லிய, வழுவழுப்பான மேற்பரப்பை விரலால் தடவி, இது எந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்க முடியும் என்று மாணவர்கள் கேட்டது பாடநூலில் இல்லை.

அதே தட்டில் மற்றொரு பாடமும் இருந்தது. பல கிளிஞ்சல்களின்மேல் வெள்ளைத் தூள் பூத்திருந்தது. எல்லோரும் அதைப் பூஞ்சை என்றார்கள். தூளைத் தூரிகையால் எடுத்து நீரில் இட்டோம், கரைந்தது. ஓட்டைப் பொடித்து நீரில் இட்டோம்; கரையாமல் அடியில் தங்கியது. ஓட்டின்மேல் நீர்த்த அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு விட்டோம், குமிழ் கிளம்பியது. பூட்டிய மர அலமாரிக்குள் மரம் மெல்ல மெல்ல அசிட்டிக் அமில ஆவியை விடுகிறது. சென்னையின் ஈரக்காற்றில் அந்த ஆவி ஓட்டின் கால்சியம் கார்பனேட்டைத் தாக்கி நீரில் கரையும் உப்பாக மாற்றுகிறது. 1899-இல் இதை விவரித்த பைன் என்பவரின் பெயரால் இது இன்றும் ‘பைன் நோய்’ எனப்படுகிறது; ஆனால் இதில் கிருமி எதுவும் இல்லை, வேதிவினை மட்டுமே. கிளிஞ்சல்களை அலமாரியிலிருந்து எடுத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாற்றினோம். எந்த அலமாரி காக்கும் என்று நம்பினோமோ அதுவே கரைத்துக்கொண்டிருந்தது என்பதை மாணவர்கள் வீட்டில் போய்ச் சொன்னார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் கேள்விப்பட்டேன்.

ஓட்டை விழுந்த கிளிஞ்சல்

ஆய்வின் மையம் என்று நான் கருதுவது அடுத்து நடந்தது. எண்ணூர் முகத்துவாரத்துக்கு ஒரு சனிக்கிழமை போய், உயிரற்ற வெற்று ஓடுகளை மட்டும் சேகரித்து வந்தோம். அவற்றில் பலவற்றில் ஊசியால் துளைத்ததுபோல் வட்டமான, விளிம்பு சரிந்த ஓட்டை இருந்தது. மணலுக்குள் திரியும் ஒருவகை ஊனுண்ணி நத்தை, அமிலம் கலந்த சுரப்பையும் அரம் போன்ற நாக்கையும் கொண்டு மட்டியின் ஓட்டைத் துளைத்து உள்ளே இருக்கும் சதையைத் தின்னும். அதன் தடம்தான் அந்த ஓட்டை. பழைய தட்டுகளை எடுத்துப் பார்த்தபோது அப்படி ஓட்டை விழுந்த கிளிஞ்சல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு குழு உடனே முடிவு கட்டிவிட்டது: அந்தக் காலத்தில் துளைக்கும் நத்தைகள் இல்லை, இப்போது பெருகிவிட்டன. வரைபடமும் தயார். நான் மறுக்கவில்லை, எல்லோருக்கும் முன்னால் படித்துக் காட்டச் சொன்னேன். படித்து முடித்ததும், அம்மா காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு மாணவி எழுந்தாள். “சார், அவரு நல்லதா பாத்து பொறுக்கியிருப்பாரு. எங்க அம்மாகூட கூடையில மேல நல்ல மீனத்தான் வெப்பாங்க” என்றாள்.

அலமாரிக்குள் வந்த கிளிஞ்சல் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் குனிந்து, பார்த்து, பிடித்துப்போய் எடுத்தது. உடைந்ததையும் ஓட்டை விழுந்ததையும் அவர் விட்டுவிட்டு நடந்திருப்பார். நாங்களோ கைக்கு எட்டியதையெல்லாம் அள்ளினோம். இரண்டு விதமாகச் சேர்த்த இரண்டு குவியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு இயற்கையைப் பற்றி முடிவு கூற முடியாது. அந்த ஒப்பீடு சேகரித்தவர்களின் கண்ணைப் பற்றித்தான் கூறும். மாதிரி எடுப்பதில் வரும் சாய்வு என்று புள்ளியியல் பாடத்தில் வரையறையாக நடத்தும் ஒன்றை, அந்தப் பெண் மீன்கூடையிலிருந்து எடுத்து வைத்தாள். முடிவை அறிவித்த குழு தன் வரைபடத்தைக் கிழிக்கவில்லை, அதன் கீழே, ‘பழைய தட்டில் உள்ளவை பொறுக்கி எடுத்தவை, எனவே எண்ணிக்கையை ஒப்பிட முடியாது’ என்று எழுதி ஆய்வேட்டில் ஒட்டியது. அந்தப் பக்கத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

எதை ஒப்பிடலாம் என்ற கேள்வி அதன்பிறகு வகுப்பில் அடிக்கடி எழுந்தது. எத்தனை என்று கேட்க முடியாவிட்டாலும், இருந்ததா என்று கேட்கலாம். ஓர் ஊரின் பெயர்ச்சீட்டோடு ஓர் உயிரி இருந்தால், அது அங்கே ஒரு காலத்தில் இருந்தது என்பதற்கு அது சான்று. இல்லாமை அப்படிச் சான்றாகாது. இந்த வேறுபாடு எண்ணூரில் உடனே வேலைக்கு வந்தது. எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று அழைக்கும் கருநிறச் சிறு சிப்பி, மத்திய, தென் அமெரிக்கக் கடலோரங்களைத் தாயகமாகக் கொண்டது. சேற்றின்மேல் பாய் விரித்ததுபோல் படர்ந்து, மஞ்சள் மட்டியை மூடி, இறால் புதையும் தரையை அடைத்துவிடுகிறது என்பது அவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் முறையீடு. எண்ணூர் என்று சீட்டுள்ள பழைய தட்டில் மஞ்சள் மட்டி இருக்கிறது, காக்கா ஆழி இல்லை. அப்போது அது இல்லவே இல்லை என்று எழுதலாமா என்று கேட்டார்கள். தட்டு மட்டும் இருந்தால் எழுதக் கூடாது. தட்டும், கழிமுகத்தில் வெறுங்கையால் இறால் தடவிப் பிடித்து வாழ்ந்த முதியவர்களின் நினைவும், வெளிவந்த ஆய்வுகளும் ஒரே பக்கம் கை காட்டினால் எழுதலாம் என்று முடிவு செய்தோம்.

கத்தாழை

ஒரு சாடியின் சீட்டில் ‘ஜோனியஸ்’ என்ற பேரினப் பெயர் மட்டும் இருந்தது. மீன் வெளுத்துப்போய், எந்த மீன் என்று எனக்கே தெரியாத நிலையில் இருந்தது. சாடியைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போன ஒரு மாணவன் மறுநாள் வந்து, “எங்க ஆயா பாத்தவுடனே சொல்லிட்டாங்க, சார். கத்தாழை. தலையில கல்லு இருக்கும்னாங்க” என்றான். சாடியைத் திறக்க நான் அனுமதிக்கவில்லை. ஆகவே அடுத்த வாரம் நான்கைந்து வீடுகளிலிருந்து குழம்பில் வெந்த கத்தாழைத் தலைகளின் கற்கள் கழுவி வந்து சேர்ந்தன. உள்ளங்கையில் வைத்தால் வெள்ளைப் பல் துண்டுபோல் இருக்கும் அவை உண்மையில் மீனின் உட்செவியில் உள்ள கற்கள். உடல் சாய்வையும் ஒலியையும் உணரப் பயன்படுபவை. மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல அவற்றில் அடுக்கடுக்காக வளர்ச்சி பதிவாகிறது. அதை எண்ணி மீனின் வயதைக் கணிக்கிறார்கள். ஒரு கல்லை நீர் ஊற்றி உப்புத்தாளில் தேய்த்துக் குறுக்குவெட்டை லென்ஸில் பார்த்தோம். வளையங்கள் தெளிவாக எண்ணும்படி இல்லை என்றாலும், அடுக்குகள் இருப்பது தெரிந்தது.

சீட்டில் இருந்த பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. தரங்கம்பாடி மறைப்பணியாளர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் அந்தக் கடலோரத்து மீன்களைப் பதப்படுத்திப் பெர்லினுக்கு, மார்க்கஸ் எலீசர் பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பினார். பிளாக் அவற்றை விவரித்து, 1793-இல் இந்தப் பேரினத்துக்கு ஜானின் பெயரையே வைத்தார். அந்தச் சேகரிப்பில் எஞ்சியவை இன்றும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. ஜான் பள்ளிகளும் நடத்தியவர். அனுப்பியவர் பெயர் மீனுக்கு நிலைத்தது. அந்த மீனை வலையிலிருந்து எடுத்து, இது கத்தாழை என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்பது எந்தச் சீட்டிலும் இல்லை. இதை ஒரு மாணவி கேட்டபிறகு, எங்கள் புதிய சீட்டுகளில் ‘பெயர் சொன்னவர்’ என்று ஒரு வரி சேர்த்தோம். கத்தாழைச் சாடியில் அந்த வரியில், மாணவன் விரும்பியபடியே, அவனுடைய ஆயாவின் பெயர் இருக்கிறது.

கை படக் கூடாதவை

இதைப் படித்துவிட்டுத் தம் பள்ளி அலமாரியைத் திறக்க நினைக்கும் ஆசிரியர்கள் இந்தப் பகுதியை முதலில் படிக்க வேண்டுகிறேன். பழைய பதம்செய்த பறவைகளிலும் விலங்குத் தோல்களிலும் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் கலந்த சோப்பு பூசும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டில் தொடங்கி 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தது. உலர் செடித் தாள்களில் பாதரச உப்புகள் பூசியதும் உண்டு. நஞ்சு உள்ளதா என்று பள்ளி ஆய்வகத்தில் உறுதியாகச் சோதிக்க முடியாது; ஆகவே உள்ளது என்றே கொள்ள வேண்டும். எங்கள் பறவைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் மூடி ஒட்டப்பட்டுள்ளன. கையுறையும் முகக்கவசமும் அணிந்து அந்த வேலையைச் செய்தது நானும் ஆய்வக உதவியாளரும் மட்டுமே. ஃபார்மலின் புற்றுநோய் விளைவிப்பது என்பது உறுதிப்பட்ட செய்தி. சாடிகளை மாணவர் முன்னிலையில் திறப்பதில்லை, கசிந்தவற்றைக் காற்றோட்டமான தனியறைக்கு மாற்றிவிட்டோம். பாச்சை உருண்டை போட்டு மூடிவைப்பதும் சிறுவர்கள் புழங்கும் அறைக்கு ஏற்றதன்று. பூச்சி விழுந்த உலர்பொருளை நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுப்பதே எங்களுக்குக் கைகொடுத்தது.

இந்தத் தடையால் ஓர் ஆசை நிறைவேறவில்லை. சிகாகோவைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள், 135 ஆண்டுக் காலத்தில் சேர்க்கப்பட்ட 1,300-க்கும் மேற்பட்ட பதம்செய்த பறவைகளைப் படமெடுத்து, இறகில் படிந்த கரியின் அளவிலிருந்து அமெரிக்கத் தொழில் நகரங்களின் காற்று எவ்வளவு கறுத்திருந்தது என்று கணக்கிட்டு 2017-இல் வெளியிட்டார்கள். நிலக்கரித் தூசும் அனல்மின் நிலையச் சாம்பலும் என்னவென்று தெரிந்த எங்கள் மாணவர்கள் இதைக் கேட்டதும் நம் பறவையையும் பஞ்சால் துடைத்துப் பார்க்கலாம் என்று துடித்தார்கள். ஆர்சனிக் ஒரு தடை; அலமாரியின் விரிசல் வழியே ஆண்டுக்கணக்கில் விழுந்த தூசு மற்றொரு தடை. பறவை உயிரோடிருந்தபோது படிந்த கரியையும் பிறகு படிந்ததையும் பிரித்தறிய வழியில்லை. பள்ளி வளாகத்துப் பூவரச இலைகளைத் துடைத்துப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டோம்.

சட்டமும் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் 2001-இல் பவளங்கள், கடல் அட்டைகள், கடல் குதிரைகள், வேளாமீன்கள், சில சங்கு வகைகள் முதலியவை சேர்க்கப்பட்டன. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பட்டியல்களே மாற்றியமைக்கப்பட்டன. பழைய அலமாரியில் இவற்றில் ஒன்றாவது இருக்கும். நாங்கள் ஒவ்வொன்றையும் எண்ணிட்டு, படமெடுத்து, பட்டியலிட்டு, தலைமையாசிரியர் கையொப்பத்தோடு வனத்துறைக்கு எழுதிவிட்டே பயன்படுத்தினோம். இவற்றை வாங்குவதோ விற்பதோ பிறருக்குக் கொடுப்பதோ கூடாது என்பதை மாணவர்களுக்கும் எழுத்தில் தந்தோம்.

அந்தப் பட்டியலில் இருந்த வேளாமீன் கொம்பின் சீட்டு அதை வாள்மீன் மூக்கு என்று தவறாகக் கூறியது. வாள்மீனின் நீண்ட மூக்கில் பல் கிடையாது. இதிலோ இரு விளிம்பிலும் பற்கள். அடிப்பகுதியில் மட்டும் ஒரு சாண் நீளம் பல்லே இல்லாமல் வழுவழுப்பாக இருந்தது. அந்த வெற்றிடமே இது எந்த வேளா என்று காட்டும் குறி: கூரிய, தட்டையான பற்களைக் கொண்ட வேளா இனத்துக்கு அது உரியது. உருவம் சுறாவை ஒத்திருந்தாலும் செவுள் பிளவுகள் அடிப்புறத்தில் இருப்பதால் வேளா திருக்கைக் கூட்டத்தைச் சேர்ந்தது. பட்டினப்பாலையில் நெய்தல் மக்கள் சினைச் சுறவின் கோடு, அதாவது கொம்பு, நட்டு வழிபட்ட செய்தி வருகிறது; தமிழாசிரியர் அந்த வரிகளை வந்து நடத்தினார். எங்கள் மாணவர்களில் ஒருவரும் உயிருள்ள வேளாவைக் கண்டதில்லை. அவர்களுடைய தந்தையரில் சிலர் இளமையில் வலையில் கண்டதாகச் சொன்னார்கள். உலக அளவில் வேளாமீன்கள் அனைத்தும் அழிவின் விளிம்பில் உள்ளவை; பற்கள் நிறைந்த அந்த நீண்ட கொம்பு எந்த வலையிலும் சிக்கிக்கொள்வது அதற்கு ஒரு பெரிய காரணம்.

உலர் செடித் தாள்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெரும்பாலானவற்றை பூச்சியும் ஈரமும் தின்றுவிட்டன.

விளைவும் இன்றைய நிலையும்

தேர்வு மதிப்பெண் உயர்ந்தது என்று நான் கூறவில்லை. அதை அளக்கும் முறையில் இந்த வேலை அமையவில்லை. நான் கண்டது மாணவர்களின் எழுத்தில் வந்த மாற்றம். முதலாண்டில் ‘இது மெல்லுடலி’ என்று முடிந்த குறிப்புகள், இரண்டாம் ஆண்டில் ‘எண்ணூர் என்று சீட்டு கூறுகிறது, ஆனால் ஆண்டு இல்லை’ என்று தொடங்கின. ஒரு கூற்றுக்கு எதைச் சான்றாகக் கொள்ளலாம் என்ற எச்சரிக்கை அவர்களிடம் வந்திருந்தது. வகுப்பில் வாய் திறக்காத சிலர், வீட்டில் கேட்டு வந்த பெயர்களைச் சொல்வதற்காகவே கை தூக்கினார்கள். இழப்பும் உண்டு: பாடவேளைகள் போதவில்லை, பதினொன்றாம் வகுப்பில் இரண்டு பாடங்களை வேகமாக ஓட்டினேன், சனிக்கிழமைகளை நம்பியே வேலை நடந்தது. வெளியூரிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிக் கேட்க வீட்டில் ஆளில்லை. அவர்களை மீனவ வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே குழுவில் சேர்க்க நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

1851-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை அழைத்துச் சென்றபோது, மாணவர்கள் விலங்கியல் கூடத்தில் திமிங்கில எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்றும், முதலில் குனிந்து சீட்டைத்தான் படித்தார்கள். கூடப் பணிபுரியும் ஆசிரியர் இதைக் கவனித்துச் சொன்ன பிறகுதான் நானும் பார்த்தேன்.

இப்போது அலமாரியில் ஒரு புதிய தட்டு இருக்கிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் எடுத்த காக்கா ஆழி ஓடுகளும் மஞ்சள் மட்டி ஓடுகளும் அதில் உள்ளன. ஓட்டை விழுந்ததும் உடைந்ததும் விடாமல், ஒரு சதுர அடிக்குள் கிடந்த அனைத்தும் வைக்கப்பட்டுள்ளன. சீட்டில் நாள், நேரம், ஓதம் ஏறியதா இறங்கியதா என்பது, கைப்பேசி காட்டிய இடக் குறியெண், எடுத்தவர் பெயர், பெயர் சொன்னவர் பெயர், எப்படி எடுத்தோம் என்ற இரண்டு வரிகள் ஆகியவை தமிழில் பென்சிலால் எழுதப்பட்டுள்ளன. மை மங்கும், பென்சில் மங்காது. பசை தொடவில்லை. மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் அதே இடத்தில் அதே சதுர அடியை மீண்டும் எடுக்க அடுத்த குழு பெயர் கொடுத்திருக்கிறது.